கழுத்தைத் துடைச்ச குத்தம்

சார், அந்தப் பேப்பரைக் கொஞ்சம் திருப்புங்களேன். அந்தப் பக்கம் இல்ல, கடைசிப் பக்கம். விளையாட்டுச் செய்தி. ஆங், அதேதான். அதுல டென்னிஸ் மட்டையைத் தோள்ல சாத்திக்கிட்டு ஒரு பொண்ணு நிக்குது பாருங்க. பியூலா மாசிலாமணின்னு போட்டிருக்கா? அது என் பொண்ணு. நான்தான் மாசிலாமணி.

நம்பலைல்ல? பரவாயில்ல. நானும் முப்பத்திநாலு வருஷம் யாரையும் நம்பாம இருக்குறதுக்குச் சம்பளம் வாங்குனவன்தான். ரயில்வேல டிடிஆர். பொன்மலை குவார்ட்டர்ஸ். ஒரு ஆளு பெட்டியில ஏறுற விதத்தைப் பாத்தே டிக்கெட் இருக்கா இல்லையான்னு சொல்லிடுவேன். நீங்க எடுத்திருக்கீங்க. உக்காந்திருக்கிற தோரணையிலேயே தெரியுது. இந்தாங்க, என் ஆதார் கார்டு. வேணாமா? அப்ப என் மூக்கைப் பாருங்க. போட்டோவுல அவ மூக்கைப் பாருங்க. போதுமா?

ரயில்வேக்காரன் எதுக்குய்யா பஸ்ல வர்றேன்னு கேப்பீங்க. எனக்கு ரயில்ல பாஸ் இருக்கு. ஆனா இந்த லைன்ல ஓடுற அத்தனை டிடிஆரும் எனக்குத் தெரிஞ்ச பயலுக. நான் ஏறுன அஞ்சாவது நிமிஷம் என் சம்சாரம் சுகிர்தத்துக்கு போன் போயிடும். அவ முந்தாநாளே மெட்ராஸ் போயி மககூட இருக்கா. நான் வரவே மாட்டேன்னு அவகிட்ட அடிச்சுச் சொல்லியிருக்கேன். இப்ப வந்துக்கிட்டிருக்கேன். இது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னைக்குச் சாயங்காலம் மெட்ராஸ்ல அவளுக்குக் கடைசி ஆட்டம் சார். கப்பு கிப்பு எதுவும் இல்ல, சும்மா ஊர் ஜனங்களுக்கு ஆடிக் காட்டிட்டு மட்டையைக் கீழ வைக்கிறா. அதோட ஓய்வு. முப்பத்திமூணு வயசுல ஓய்வாம்! நான் அறுபதுல வாங்குனேன்.

அவளை உருவாக்குனது நான். அதெல்லாம் பேப்பர்ல போட்டிருக்க மாட்டான். பொன்மலை ரயில்வே இன்ஸ்டிடியூட்ல ஒரு டென்னிஸ் கோர்ட்டு உண்டு, ஆபீசருங்க ஆடுவாங்க. அவளுக்கு ஏழு வயசுல கூட்டிட்டுப் போனேன். ஒரு ஆபீசர் பழைய மட்டை ஒண்ணைக் கொடுத்து, அடிம்மா பாக்கலாம்னாரு. மட்டை அவ உயரத்துல முக்கால்வாசி. அவ அடிச்ச முதல் பந்து அந்த ஆபீசர் மூக்குக்கண்ணாடியை உடைச்சுடுச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன், இது சாம்பியன்னு. அந்த ஆபீசர் வேற ஒரு முடிவு பண்ணுனாரு, என்னை மூணு மாசம் சரக்கு ஆபீசுக்குத் தூக்கிப் போட்டாரு. அது தனிக் கதை.

உனக்கு டென்னிஸ் தெரியுமான்னு கேக்குறீங்க. கேக்கலையா? கண்ணு கேக்குது சார். ஆடியிருக்கேன். ஜெயிச்சதில்ல. அதனால என்ன? பிரசவம் பாக்குற டாக்டருங்க எல்லாரும் பிள்ளை பெத்தவங்களா? இன்ஸ்டிடியூட் லைப்ரரியில ஒரு இங்கிலீஷ் புக்கு இருந்துச்சு, டென்னிஸ் ஆடுறது எப்படின்னு படம் போட்டு. அதை வரி விடாமப் படிச்சேன். பேக்ஹேண்ட் பத்தின பக்கத்தை மட்டும் எவனோ கிழிச்சுட்டுப் போயிட்டான். அதனாலதான் பியூலாவுக்கு பேக்ஹேண்ட் கொஞ்சம் வீக்கு. உலகம் பூராவும் எழுதினாங்க, அவ பேக்ஹேண்ட் ஏன் இப்படி இருக்குன்னு. காரணம் பொன்மலை லைப்ரரி.

ரயில்வே பாஸ் இருந்ததால இந்தியா பூரா இழுத்துக்கிட்டு அலைஞ்சேன். கல்கத்தா, சண்டிகர், புனே. கவுகாத்தியில ஒரு தடவை அவளுக்கு நூத்திரெண்டு டிகிரி காய்ச்சல். பதினஞ்சு வயசு. டாடி, முடியலன்னா. ஆடுடின்னேன். ஆடுனா. ஜெயிச்சா. கப்பை வாங்கிட்டு வந்து என் சட்டை மேலயே வாந்தி எடுத்தா. ஊருக்கு வந்ததும் சுகிர்தம் ஒரு மாசம் என்கூடப் பேசலை. பிள்ளை ஜெயிச்சுட்டு வந்திருக்கே, அதைப் பத்தி ஒரு வார்த்தை? ம்ஹூம். சில பேருக்கு ஸ்போர்ட்ஸ் புரியாது சார்.

ஜன்னலைக் கொஞ்சம் தள்ளுங்க, காத்து வரட்டும். பெரம்பலூர் வந்துடுச்சா? இன்னும் நேரம் இருக்கு. அப்ப விஷயத்துக்கு வர்றேன்.

டென்னிஸ்ல ஒரு சட்டம் இருந்துச்சு. ஆட்டம் நடக்குறப்ப வெளிய உக்காந்திருக்கிற கோச்சோ அப்பனோ ஆடுறவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. சைகையும் காட்டக் கூடாது. காட்டுனா முதல் தடவை எச்சரிக்கை, ரெண்டாவது தடவை ஒரு பாயிண்ட் போயிடும். கேட்டீங்களா இந்த அநியாயத்தை? கபடியில வெளிய நிக்கிறவன் தொண்டை கிழியக் கத்துறான், ஒருத்தன் கேக்கிறதில்ல. பெத்த அப்பன் கையை அசைச்சா குத்தமாம்.

நான் ரயில்வேக்காரன். கொடிக்கும் விளக்குக்கும் பாஷை இருக்குறப்ப மனுஷனுக்கு இருக்கக் கூடாதா? பியூலாவுக்குப் பதினோரு வயசுல ஒரு சிக்னல் முறை உண்டாக்குனேன். நான் கண்ணாடியைக் கழட்டுனா, பந்தை எதிராளி தலைக்கு மேல தூக்கிப் போடு. தொப்பியைத் திருப்பி வச்சா, சர்வீஸை அவ இடது கைப் பக்கம் போடு. காதைச் சொறிஞ்சா, மெதுவாத் தட்டி நெட்டுக்கு அந்தாண்ட விடு. கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைச்சா, நெட்டுக்கு ஓடு. இப்படிப் பதினாலு. ஒரு நோட்டுல எழுதி ஜெபம் மாதிரி தினமும் ஒப்பிக்க வச்சேன்.

ஒருத்தனும் கண்டுபிடிக்கல சார். பாக்குறவங்க எனக்கு ஏதோ தோல் வியாதின்னு நெனச்சாங்க. புனேல எதிராளிப் பொண்ணோட அம்மா ஒண்ணு, பாவம் பாத்து எனக்குச் சொறிக்கு ஆயின்மெண்ட் வாங்கிக் கொடுத்துச்சு. நல்ல மனசு. அந்தம்மா பொண்ணு ஆறுக்கு ரெண்டு, ஆறுக்கு ஒண்ணுன்னு தோத்துச்சு.

அப்புறம் மளமளன்னு மேல போயிட்டா. பத்தொம்பது வயசுல உலகத்துல முதல் நூறு பேருக்குள்ள வந்தா. இருபத்திநாலுல ஒம்பதாவது இடம். உலகத்துல ஒம்பதாவது! பொன்மலையில ஒம்பதாவதுன்னாலே நான் குதிச்சிருப்பேன். அந்த நேரத்துலதான் இவான்னு ஒரு கோச்சு வந்தான். குரோஷியாக்காரன், ஆறடி நாலங்குலம். நாள் பூராவும் மூணே வார்த்தை பேசுவான். 'குட்.' 'அகெய்ன்.' 'ஸ்லீப்.' நான் ஏதாவது எடுத்துச் சொன்னா காதுல ஒண்ணை மாட்டிக்கிட்டுப் பாட்டு கேப்பான். இவனுக்கு கோச்சுன்னு பேரு, எனக்கு டாடின்னு பேரு. இருந்தாலும் பொறுத்துக்கிட்டேன். வீட்டு ஆளுங்க உக்காருற இடத்துல அவன் பக்கத்துலதான் எனக்கு சீட்டு. சிக்னல் என்னுதுதானே.

இப்ப அந்த ஃபைனல். ஏழு வருஷம் ஆச்சு. அவளுக்கு இருபத்தியாறு வயசு. ஐரோப்பாவுல ஒரு பெரிய டோர்னமெண்ட்டு, செம்மண் தரை. ஊர்ப் பேரு வேணாம், சொன்னா எனக்கு பிபி ஏறும். எதிராளி யானான்னு ஒரு செக் நாட்டுக்காரி. ஆளுக்கொரு செட்டு. மூணாவது செட்டு மூணுக்கு மூணு. நான் கண்ணாடியைக் கழட்டுனேன். அது சிக்னல்தான், மறைக்கலை. அம்பயர் பாத்துட்டா. மைக்குல சொல்றா, கோச்சிங், எச்சரிக்கைன்னு. பதினஞ்சாயிரம் பேரு என்னைத் திரும்பிப் பாக்குறான். பியூலா கீழ இருந்து என்னைப் பாத்து ரெண்டு கையையும் சேர்த்துக் கும்புட்டா. சும்மா இருங்கன்னு அர்த்தம். இவான் என் கண்ணாடியை எடுத்து அவன் பையில போட்டுக்கிட்டான்.

நான் சும்மாதான் சார் இருந்தேன். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காந்துட்டேன். என் வாழ்க்கையில நான் அப்படி உக்காந்ததே இல்ல. யானா ஆறு, நம்ம ஆளு அஞ்சு. பியூலா சர்வீஸ். முப்பதுக்கு முப்பது. இன்னும் ரெண்டு பாயிண்ட் போனா கப்பு போச்சு. வெயிலு நம்ம ஊரு சித்திரை வெயிலு தோத்துப் போகணும். அந்த ஊருக்குன்னு கோட்டும் டையும் வேற மாட்டி விட்டிருந்தா சுகிர்தம். கழுத்துலேருந்து தண்ணியா ஊத்துது. கர்ச்சீப்பை எடுத்தேன், துடைச்சேன். அவ்வளவுதான். சிக்னல் இல்ல. அப்பனா, கோச்சா எதுவுமா நான் அதைச் செய்யலை. வேர்த்தவன் துடைச்சேன்.

அதே நேரம் பாத்து அவ நிமிந்து மேல என்னைப் பாத்தா.

சர்வீஸ் போட்டா. போட்ட கையோட நெட்டுக்கு ஓடுனா பாருங்க! அவ அப்படி ஓடுறவளே இல்ல, பின்னால நின்னு ஆடுறவ. யானா இடுப்புக்குக் கீழ குத்துற மாதிரி ஒரு பந்து விட்டா. இவ குனிஞ்சு, மட்டையை மண்ணுல உரசுற மாதிரி வச்சு, அப்படியே ஓரத்துல வச்சுட்டா. வச்சுட்டான்னா, கையால கொண்டுபோய் வச்ச மாதிரி. பதினஞ்சாயிரம் பேரும் எந்திரிச்சு நிக்கிறான். நானும் நிக்கிறேன், கையில கர்ச்சீப்போட.

அந்த அம்பயர் மைக்கைத் தட்டுறா. கோச்சிங், ரெண்டாவது தடவை, ஒரு பாயிண்ட் அபராதம். அவ ஜெயிச்ச அந்தப் பாயிண்ட்டுக்குச் சரியா எதிராளிக்கு ஒண்ணு. நாப்பதுக்கு நாப்பது. அதுக்கப்புறம் பியூலாவுக்குக் கை வரலை. சர்வீஸ் ரெண்டு தடவை நெட்டுல. அடுத்தது வெளிய. முடிஞ்சுது.

நான் கத்துனேன் சார். வேர்வை, வேர்வைன்னு தமிழ்லயே கத்துனேன். அந்த அம்பயருக்கு எங்க புரியும். அன்னைக்கு ராத்திரியே பத்திரிகைக்காரங்க முன்னாடி பியூலா சொல்லிட்டா, இனிமே எங்க டாடி என் ஆட்டத்துக்கு வர மாட்டாருன்னு. என்கிட்ட சொல்லலை. உலகத்துக்குச் சொன்னா, நான் லாபியில டிவியில பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். முப்பத்திநாலு வருஷ சர்வீஸ்ல என் மேல ஒரு மெமோ கிடையாது. என்னைக் கள்ளன்னு மைக்குல சொன்னவளை விட்டுட்டா, என்னை இறக்கி விட்டுட்டா. டிக்கெட் இல்லாதவனைக்கூட நான் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் உக்கார வச்சுத்தான் இறக்குவேன்.

அடுத்த வருஷம் அதே ஊர்ல கப்பு ஜெயிச்சா. அதுக்கப்புறம் வேற ரெண்டு பெரிய கப்பு. நான் இல்லாம ஜெயிச்சாளேன்னு சர்ச் சபையில சில பேரு குத்தலாப் பேசுனாங்க. நான் சொன்னேன், உரம் போட்ட உடனே காய்க்குமா, என் பயிற்சி வேலை செய்ய ஒரு வருஷம் ஆகும்னு. அந்த ஆட்டமெல்லாம் வீட்டுல டிவியிலதான் பாத்தேன். டிவிக்கும் சிக்னல் காட்டுனேன், இல்லைங்கலை. சுகிர்தம் பொறுத்துப் பாத்துட்டு ஒரு கூடைப் பூண்டை மடியில வச்சுட்டா. உரிங்க, கை சும்மா இருக்க வேணாம்னு. மூணாவது கப்பு ஜெயிச்ச அன்னைக்கு ரெண்டு கிலோ உரிச்சிருந்தேன்.

மக வீட்டுக்கு வராம இல்ல. கிறிஸ்மஸுக்கு வருவா. சுகிர்தம் நடுவுல நின்னு ஒரு ஒப்பந்தம் போட்டா, வீட்டுக்குள்ள டென்னிஸ் பேச்சு எடுக்கக் கூடாது. அதனால எங்க ரெண்டு பேருக்கும் பேச ரசம் இருந்துச்சு, என் பிபி இருந்துச்சு, பாஸ்டர் மாறிப் போனது இருந்துச்சு. அவளுக்கு முழங்கால்ல ஆபரேஷன் நடந்ததைக்கூட ரசத்தைப் பத்திப் பேசுற மாதிரிதான் பேசுனோம். ஏழு வருஷம் இப்படி. கஷ்டமாத்தான் இருந்துச்சு சார். அவ சோறு தின்னுட்டு எந்திரிச்சுப் போறப்ப எந்தக் காலை ஊன்றான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். கேக்க முடியாது.

ஆனா நான் விடலை. உலக டென்னிஸ் சங்கத்துக்கு லெட்டர் எழுதினேன். எனது முந்தைய கடிதத்தைத் தொடர்ந்துன்னு ஆரம்பிச்சு, தேதி போட்டு, நகல் எடுத்து, ரிஜிஸ்தர் தபால்ல. நான் நிரபராதி, அன்று எனக்கு ஏற்பட்டது வியர்வை, அன்னைக்கு அந்த ஊர் வெப்பநிலை இவ்வளவுன்னு வானிலை அறிக்கையோட. பதினாலு லெட்டர். பதில் ஒண்ணு வந்துச்சு, உங்கள் ஆர்வத்துக்கு நன்றின்னு. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, இப்ப அந்தச் சட்டத்தையே எடுத்துட்டான். இப்ப கோச்சு வெளிய உக்காந்து பேசலாம், கையைக் காட்டலாம். நான் செஞ்சா குத்தம், ஊரு செஞ்சா முறை. நான் கொஞ்சம் முன்னாடியே பொறந்துட்டேன் சார், அதான் தப்பு.

டீக்கு நிறுத்துறான் போல. இறங்குறீங்களா? வேணாமா? நல்லது. இந்த மோட்டல் டீயை மனுஷன் குடிப்பானா. உக்காருங்க, முக்கியமான கட்டம் இனிமேதான்.

போன வாரம் டிவியில அவளைப் பேட்டி எடுத்தாங்க. ஓய்வு அறிவிச்சுட்டால்ல, அதுக்காக. பாத்தீங்களா? ஊரே பாத்துச்சு. அந்தப் பேட்டி எடுக்குற பொண்ணு சிரிச்சுக்கிட்டே கேக்குது, உங்க அப்பா சிக்னல் கொடுப்பாராமே, நிஜமான்னு. பியூலா சொல்றா, ஆமா, பதினாலு சிக்னல், இப்பவும் ஒப்பிப்பேன்னு. எனக்கு ரோமம் நிக்குது. பூண்டுக் கூடையைத் தள்ளி வச்சுட்டேன்.

அடுத்து சொல்றா பாருங்க. 'ஆனா பதினாலு வயசுக்கு மேல அதுல ஒண்ணைக்கூட நான் கேட்டதில்ல. மத்த கோச்சுங்க எல்லாரும் எங்க டாடி கையை மனப்பாடம் பண்ணி வச்சிருந்தாங்க. டாடி கர்ச்சீப்பை எடுத்தா, நான் நெட்டுக்கு வருவேன்னு எதிராளி என் தலைக்கு மேல தூக்கிப் போடத் தயாரா நிப்பா. நான் பின்னாலயே நிப்பேன். டாடி எதைச் சொல்றாரோ அதுக்கு எதிர்மாறா ஆடுவேன். அப்படித்தான் பாதி ஆட்டம் ஜெயிச்சேன்.'

சிரிக்கிறா. அந்தப் பொண்ணும் சிரிக்குது. கேமராக்காரன் சிரிக்கிறான், படம் ஆடுது. பன்னெண்டு வருஷம் சார்! கக்கூஸுக்குள்ள ஒளிஞ்சவன், பெஞ்சுக்கு அடியில படுத்தவன், பொம்பளை வேஷம் போட்டவன், அத்தனை பேரையும் பிடிச்சவன் நான். என் சொந்தப் பிள்ளை என் கண்ணு முன்னாடி பன்னெண்டு வருஷம் டிக்கெட் இல்லாமப் போயிருக்கு. இருந்தாலும் யோசிச்சுப் பாருங்க, நான் ஒண்ணைக் காட்டுனாத்தானே அவ அதுக்கு எதிர்மாறா ஆட முடியும்? அப்ப ஜெயிச்சது யாரால? அதை அந்தப் பேட்டிப் பொண்ணு கேக்கவே இல்ல.

இத்தோட விட்டிருந்தா நான் பாட்டுக்குப் பதினஞ்சாவது லெட்டரை எழுதிக்கிட்டு வீட்டுல கிடந்திருப்பேன். ஆனா பியூலா சிரிப்பை நிறுத்திட்டா. அப்புறம் சொன்னா: 'ஒரே ஒரு தடவை கேட்டேன். நான் தோத்த அந்த ஃபைனல்ல. அஞ்சுக்கு ஆறு, முப்பதுக்கு முப்பது. என்ன செய்யுறதுன்னு தெரியல. சின்னப் பிள்ளை மாதிரி டாடியைப் பாத்தேன். டாடி கழுத்தைத் துடைச்சாரு. நெட்டுக்குப் போகச் சொன்னாரு. போனேன். என் வாழ்க்கையில நான் ஆடுனதுலயே நல்ல பாயிண்ட் அதுதான். அம்பயர் அதைப் பிடுங்கிட்டாங்க, அது வேற. எச்சரிச்ச பிறகும் ஏன் காட்டுனாருன்னு கோபத்துல டாடியை அனுப்பிட்டேன். ஆனா அந்தப் பாயிண்ட் என்னுது இல்ல. அவரோடது.'

மறுநாள்லேருந்து நான் பொன்மலையில நடக்க முடியலை. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பாஸ்டர் என்னை எந்திரிச்சு நிக்கச் சொல்லிச் சபையே கை தட்டுச்சு. இன்ஸ்டிடியூட் வாசல்ல ஃபிளெக்ஸ் வச்சுட்டாங்க. 'சாம்பியனுக்கு வழிகாட்டிய தந்தை', என் படத்தோட. எந்தப் படம் தெரியுமா? கர்ச்சீப்பும் கழுத்துமா நிக்கிற படம். எங்கேருந்து எடுத்தான்னே தெரியல.

இப்பப் புரியுதா சார் என் நிலைமை? ஏழு வருஷமா நான் சொல்லிட்டு வர்றது என்ன? அது சிக்னல் இல்ல, வேர்வை. அதுல நிக்கிறேன்னு வச்சுக்குங்க, நான் யோக்கியன். ஆனா வெறும் வேர்த்துப்போன ஆளு. ஃபிளெக்ஸை அவுக்கணும். ஆமா, சிக்னல்தான்னு ஒத்துக்கிட்டா நான் கள்ளன், ஆனா கோச்சு. அவ ஆடுனதுலயே நல்ல பாயிண்ட்டுக்கு நான் கோச்சு. பதினாலு லெட்டரும் பொய்யாயிடும். போகட்டுமே, யாரு படிச்சா? உண்மையைச் சொல்லட்டுமா, மூணு நாளா நான் கள்ளனாகிடலாம்னுதான் இருந்தேன். கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிக்கூடப் பாத்தேன். 'ஆமா பாப்பா, நான்தான் போகச் சொன்னேன்.' நல்லா இருந்துச்சு.

நேத்து சுகிர்தத்துக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். அவளுக்குத் தெரியும் அது வேர்வைன்னு. அந்தக் கோட்டை மாட்டி விட்டதே அவதானே. அவ சொல்றா, 'ஏங்க, அந்தப் பிள்ளைகிட்டேருந்து எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்கிட்டீங்க. சின்ன வயசை எடுத்துக்கிட்டீங்க, லீவை எடுத்துக்கிட்டீங்க. அவ கையால அடிச்ச அந்த ஒரு பந்தையாவது அவகிட்டயே விடுங்களேன்.' அப்படின்னுட்டு வச்சுட்டா.

இது என்ன பேச்சு சார்? நான் எதை எடுத்துக்கிட்டேன்? ஒரு கப்பாவது என் வீட்டுல இருக்கா? எல்லாம் அவ ஃபிளாட்டுலதான் இருக்கு. எனக்குத் தூக்கமே இல்ல. அவ மேல பாத்தாளே, அந்த மூஞ்சிதான் வருது. காய்ச்சல்ல கவுகாத்தியில பாத்த அதே மூஞ்சி. காலையில எந்திரிச்சு, யார்கிட்டயும் சொல்லாம பஸ் ஏறிட்டேன். அவகிட்ட போய் என்ன சொல்லப் போறேன்னு எனக்கே தெரியல. நீங்க சொல்லுங்க, கள்ளனா, வேர்த்தவனா? சொல்ல மாட்டீங்க. பேப்பரைப் படிக்கிற மாதிரியே இருக்கீங்க.

ஒரு நிமிஷம் சார், போன் அடிக்குது. யாரு இது? பாப்பா.

ஹலோ. சொல்லு பாப்பா. ஆங், சாப்பிட்டேன். மாத்திரையும் போட்டாச்சு. என்ன சத்தமா? டிவிம்மா. டிவில பஸ்ஸு போகுது. இல்ல... சரி, பஸ்லதான் இருக்கேன். திண்டிவனம் தாண்டியாச்சு. மம்மிகிட்ட சொல்லாத. பக்கத்துலயே இருக்காளா? சரி விடு.

என்னது? கேக்கல, சத்தமாப் பேசு. அன்னைக்கு ஃபைனல்லயா? மம்மி சொன்னாளா? அவளுக்கு எதுக்கு இந்த வேலை. ம். ம்.

பாப்பா, இரு. இரு, நான் சொல்லிடுறேன், அப்புறம் எனக்குச் சொல்ல வராது. நான் சிக்னல் கொடுக்கலை. வேர்த்துச்சு, துடைச்சேன். கோபத்துல சொல்லலைம்மா. பேரு எடுக்கவும் சொல்லலை. வேர்வைதான்.

என்ன? 'அப்ப அது நானா'வா? நீதான். வேற யாரு? நெட்டுக்கு ஓடுனது நீ. குனிஞ்சு வச்சது நீ. நான் போகச் சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா, பின்னால நில்லுடின்னு சொல்லியிருப்பேன், எனக்கு அவ்வளவு தைரியம் எங்க இருக்கு? ஆமா பாப்பா. நீதான். எத்தனை தடவை கேப்ப, நீதான்.

'அப்ப உங்களை எதுக்கு வெளிய அனுப்புனேன்'னு கேக்குறியா? அதுக்கு வேற நூறு காரணம் இருந்துச்சும்மா. அந்தக் கழுத்தைத் துடைச்சது மட்டும் அதுல சேராது.

சரி. சரி. வர்றேன். எங்க வேணாலும் உக்காருறேன். வை.

வச்சுட்டா சார். அழுதாளா சிரிச்சாளா தெரியல, அவளுக்கு ரெண்டு சத்தமும் ஒண்ணாத்தான் இருக்கும். கேட்டீங்களா அவ கேட்டதை? 'அப்ப அது நானா டாடி'ன்னு மூணு தடவை கேட்டா. மூணு பெரிய கப்பு, உலகத்துல ஒம்பதாவது இடம், முப்பத்திமூணு வயசு. அவ அடிச்ச பந்து அவ அடிச்சதுதான்னு அவளுக்குத் தெரியல. அதையும் நான் சொல்லித்தான் தெரிஞ்சுக்க வேண்டியிருக்கு பாருங்க.